இயர் டென்னில வந்து சேர்ந்த பிள்ளையும் ஜிசிஎஸ்ஈ இங்கிலீசும்

லண்டனுக்கு புதுசா வாற எங்கட சனம் என்னட்ட கேக்கிற கேள்வியளில வீட்டு வாடகைக்கு அடுத்தது இதுதான், "பிள்ளை இயர் டென்னில சேர்ந்திட்டுது, இங்கிலீஸ் சோதினைக்கு எந்த கிராமர் புத்தகம் வாங்கிறது?" (இயர் டென் எண்டால் 14-15 வயசுப் பிள்ளையளின்ர வகுப்பு, ஜிசிஎஸ்ஈ எண்டது அடுத்த வருசக் கடைசியில எழுதிற பெரிய பள்ளிக்கூடச் சோதினை.) ஒண்டும் வாங்காதேங்கோ. நான் வாங்கினது ரெண்டு இப்பவும் அலுமாரிக்கு மேல தூசி பிடிச்சுக் கிடக்கு.

என்ர மகள் இஞ்ச வரேக்க அவளுக்கு 13 வயசு. யாழ்ப்பாணத்தில இங்கிலீசுக்கு நல்ல மார்க்ஸ் எடுத்தவள், அதால இஞ்சயும் அதே மாதிரித்தான் இருக்கும், இடைவெளி நிரப்பு, டென்ஸ் மாத்து, பாஸிவ் வொய்ஸில எழுது எண்டுதான் கேப்பாங்கள் எண்டு நினைச்சு ஒவ்வொரு நாளும் பின்னேரம் இருத்தி வச்சு செய்விச்சனான். அப்பிடி ஒரு கேள்வியும் அந்த பேப்பரில வாறேல்லை எண்டு எனக்கு விளங்கவே ஒரு வருசம் போட்டுது.

முதல் வேலை, பள்ளிக்கூடம் எந்த எக்ஸாம் போர்டின்ர (வினாத்தாள் போட்டு மார்க்ஸ் குடுக்கிற சபை) சோதினை செய்யுது எண்டு கேளுங்கோ. இங்கிலாந்தில ஏகியூஏ, எடெக்ஸெல், ஓசிஆர், எடுகாஸ் எண்டு இருக்கு (ஸ்கொட்லாந்தில இருக்கிற ஆக்களுக்கு முறையே வேற, இது உங்களுக்கில்லை). மகள் செய்தது ஏகியூஏ, அதையே சொல்லுறன். ரெண்டு பேப்பர், ஒவ்வொண்டும் 1 மணித்தியாலம் 45 நிமிசம், ஒவ்வொண்டுக்கும் 80 மார்க்ஸ். பாதி வாசிப்பு, பாதி எழுத்து. முதல் பேப்பரில பிள்ளை முன்பின் கண்டிராத ஒரு கதைத் துண்டு வரும், அதைப் பற்றின கேள்வியள், பிறகு தானே ஒரு கதையோ வர்ணனையோ எழுத வேணும். ரெண்டாவதில கதையில்லாத உண்மை எழுத்து ரெண்டு வரும், அதில ஒண்டு 19ம் நூற்றாண்டு, பிறகு ஒரு விசயத்தில தன்ர கருத்தை கடிதமாவோ கட்டுரையாவோ பேச்சாவோ எழுத வேணும். எழுத்துக்கு உள்ள 40 மார்க்ஸில 24 என்ன சொல்லுறாய், எப்பிடி ஒழுங்குபடுத்துறாய் எண்டதுக்கு, மிச்சம் 16தான் ஸ்பெல்லிங், கிராமர், புள்ளி கமா எல்லாத்துக்கும் சேர்த்து. என்ர அலுமாரிப் புத்தகங்கள் ரெண்டும் அந்த 16க்குள்ளதான் நிண்டது.

இங்கிலீஸ் லிட்டரேச்சர் வேற பாடம், வேற கிரேட். ரெண்டையும் குழப்பாதேங்கோ. கிரேட் 9ல இருந்து 1 வரைக்கும், 9தான் உச்சம், 4 எண்டால் பாஸ், 5 எண்டால் ஸ்ட்ரோங் பாஸ்.

பாடமாக்கிற பழக்கம்தான் எங்கட பிள்ளையளை விழுத்திறது. ஒரு ரியூசன் சென்ரரில ஒரு புயல் இரவுக் கதை எழுதிக் குடுத்து வரிக்கு வரி பாடமாக்க விட்டவை, நானும் காசைக் கட்டி விட்டனான். மொக் எக்ஸாமில, அதுதான் பள்ளிக்கூடத்தில வைக்கிற பயிற்சிச் சோதினையில, கதை எழுத வந்தது ஒரு சந்தைப் படம். இவள் என்ன செய்தாள் எண்டால் சந்தைக்குள்ள புயலைக் கொண்டு வந்திட்டாள். மார்க்ஸைப் பாத்து அழுதாள், எனக்கு சிரிப்பும் வந்தது, காசை நினைக்க வயிறும் எரிஞ்சது.

சரி, வீட்டில என்ன செய்யிறது, எங்களுக்கே இங்கிலீஸ் சரியா வராதே எண்டு கேப்பியள். சோதினையில கேக்கிற முக்கியமான விசயம், எழுதினவர் ஏன் இந்த சொல்லைப் போட்டார், அது வாசிக்கிற எங்களை என்ன செய்யுது எண்டது. இதைப் பழக்க இங்கிலீஸ் தேவையில்லை. என்ர அம்மா போனில "வெயில் மண்டையைப் பிளக்குது" எண்டு சொல்ல, நான் மகளிட்ட கேட்டன், ஏன் அம்மம்மா வெயில் கூட எண்டு சொல்லாமல் பிளக்குது எண்டு சொன்னவ? அவள் யோசிச்சுப் போட்டு, பிளக்கிறது எண்டால் கோடாலியால செய்யிற வேலை, அப்ப வெயில் வேணுமெண்டு வந்து அடிக்கிற மாதிரி இருக்கு எண்டாள். அதுதான் விடை! அதையே இங்கிலீசில சொல்லச் சொன்னன், பேந்து மூண்டு வரியில எழுதச் சொன்னன். இப்பிடி சமைக்கேக்க, பஸ்ஸுக்கு நிக்கேக்க எண்டு கிழமைக்கு நாலு அஞ்சு தரம் செய்தம், ரியூசனை விட இது கனக்க உதவினது.

சொந்தக்காரர் வந்து வீட்டில தமிழை விட்டிட்டு இங்கிலீசில கதையுங்கோ எண்டு சொல்லுவினம். கேக்காதேங்கோ. எங்கட உடைஞ்ச இங்கிலீசில பிள்ளை என்னத்தைப் படிக்கப் போகுது, தமிழில ஆழமா யோசிக்கட்டும், இங்கிலீஸ் பள்ளிக்கூடத்தில வரும்.

பழைய நூற்றாண்டுப் பந்தியள்தான் கஷ்டம், ஒரு வசனமே அஞ்சு வரிக்கு நீளும். அதை சத்தமா வாசிக்கச் சொல்லிப்போட்டு பக்கத்தில இருங்கோ, பிறகு கருத்தை ரெண்டு வரி தமிழில சொல்லச் சொல்லுங்கோ, விளங்கேல்லை எண்டால் அங்கயே பிடிபடும். கருத்து எழுதப் பழக ரயில் ஸ்ரேசனில சும்மா கிடைக்கிற மெட்ரோ பேப்பர் காணும். லைப்ரரி கார்ட் இலவசம், பிபிசியின்ர பைட்சைஸ் எண்ட படிப்பு சைட் இலவசம், பழைய வினாத்தாளும் மார்க் ஸ்கீமும் (எதுக்கு எத்தினை மார்க்ஸ் எண்ட விபரம்) போர்டின்ர சைட்டிலயே கிடக்கு. உங்கட வேலை போனில டைமர் வைக்கிறது, நேரம் முடிய பேனையை வாங்கிறது. எங்கட பிள்ளையள் முதல் கேள்விக்கு பக்கம் பக்கமா எழுதிப்போட்டு 40 மார்க்ஸ் எழுத்துக்கு நேரம் இல்லாமல் நிக்கிறவை.

டிக்ஷனரி இந்தச் சோதினைக்குள்ள கொண்டு போகேலாது. மற்றப் பாடங்களுக்கு தமிழ்-இங்கிலீஸ் டிக்ஷனரி விடுவினமோ எண்டு பள்ளிக்கூடத்தில முன்னமே கேட்டு வையுங்கோ.

4 வராட்டி உலகம் முடியாது. ஆனா 4 எடுக்காத பிள்ளை, அது கிடைக்கும் வரைக்கும் இல்லாட்டி 18 வயசு வரைக்கும் காலேஜில இங்கிலீஸ் படிச்சே ஆக வேணும். 3 எடுத்த பிள்ளையள் திரும்ப ஜிசிஎஸ்ஈ எடுக்க வேணும், நவம்பரிலயும் வைக்கிறவை. அதுக்கும் கீழ எண்டால் ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் எண்டு, அன்றாடத் தேவைக்கான இங்கிலீசைப் பாக்கிற வேற சோதினை வழி இருக்கு.

இன்னுமொண்டு, வகுப்பில ஒரு பேச்சும் பேச வேணும். அது அந்த 9-1 கிரேட்டில சேராது, பாஸ், மெரிட், டிஸ்டிங்ஷன் எண்டு தனியாப் போடுவினம். நெட்டில எடுத்த தலைப்பு வேண்டாம், பிள்ளைக்குத் தெரிஞ்சதைப் பேச விடுங்கோ. மகள் ஒடியல் கூழைப் பற்றிப் பேசினவள். முடிய ரீச்சர், அந்த ஒடியல் மா எங்க வாங்கலாம் எண்டு கேட்டவவாம்.