காரை வீட்டுச் சமையலறையைப் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கும்பகோணம் பக்கம் ஒரு காரை வீட்டுக்கு, அதாவது சுண்ணாம்புக் காரை பூசிய பழைய வீட்டுக்குப் போயிருந்தேன். தாத்தா காலத்து வீட்டைப் பேரன் புதுப்பித்துக்கொண்டிருந்தார். சமையலறையில் சிமென்ட் மூட்டைகள் அடுக்கியிருந்ததைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சமையலறை அமைக்கும் தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த அதே தவறு. அளவெடுப்பது, பட்ஜெட் போடுவதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

சுண்ணாம்புச் சுவருக்குச் சிமென்ட் பூச்சு

பழைய வீடுகள் பலவற்றில் அஸ்திவாரத்திலிருந்து ஈரம் ஏறாமல் தடுக்க எதுவும் இருக்காது. செங்கல் மண்ணின் ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புக் காரை வழியாக அது ஆவியாகிப் போய்விடும். சிமென்ட் பூசினால் அந்த வழி அடைபடுகிறது. ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு பூத்து, பூச்சு பெயரும்.

அன்று ஒரு பழைய வீட்டில் சிமென்ட் பூசி நான் செய்த சமையலறை பார்க்க அவ்வளவு அழகு. வழவழவென்று வெள்ளைச் சுவர், அதை ஒட்டினாற்போல் கைப்பிடி இல்லாத அலமாரிகள். இரண்டாவது ஐப்பசி மழை முடிந்ததும் அந்த வீட்டு அம்மா போன் செய்தார். "தம்பி, அரிசி டப்பா வைக்கிற இடத்துல ஒரே பூஞ்சை வாடை." கழற்றிப் பார்த்தால் பின்பலகை முழுக்கக் கறுத்திருந்தது, கீழ் ஓரத்தில் கரையான். விலை கூடின மரைன் பிளைவுட்தான். அதன் பசை தண்ணீரைத் தாங்கும். ஆனால் காற்றே படாமல் மாதக்கணக்கில் ஈரச் சுவரோடு ஒட்டி நிற்கும் மரத்தைப் பசை காப்பாற்றாது. சிமென்ட்டைக் கொத்தி எடுத்தபோது பழைய செங்கல்லின் முகமும் சேர்ந்து பெயர்ந்து வந்தது. செலவு முழுவதும் என் கையிலிருந்து போனது. பணத்தைக்கூட மறந்துவிட்டேன், அந்தச் செங்கல்லை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது.

இப்போது சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனார் கிடைக்கும் வரை வேலையைத் தொடங்குவதில்லை. பூச்சின் மேல் சுண்ணாம்பு வெள்ளைதான். பிளாஸ்டிக் பெயின்ட் கிடையாது. டைல்ஸ் சின்க்குக்கும் அடுப்புக்கும் பின்னால் மட்டும். மேடைக்கு அடியில் கடப்பைக் கல் தட்டு. மர அலமாரி வேண்டுமென்றால் கால் வைத்து, சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளி நிற்கும். கும்பகோணத்துப் பேரனிடமும் இதைத்தான் சொன்னேன். மூட்டைகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

மாடங்களை அடைப்பது

ஒன்றரை அடிச் சுவரில் இருக்கும் மாடம், தரையில் இடமே பிடிக்காத அலமாரி. உப்பு ஜாடி, புளி, அஞ்சறைப் பெட்டி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அதைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, அதே இடத்தில் தலையில் இடிக்கும் பெட்டியை ஏன் மாட்டுகிறார்கள் என்று எனக்குப் புரிவதே இல்லை.

கிரைண்டரைக் கீழ் அலமாரிக்குள் வைப்பது

வாரம் இரண்டு முறை குனிந்து தூக்கப்போவது யார்?

சிலிண்டரை அடைத்து வைப்பது

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். சிலிண்டர் அலமாரிக்குக் காற்றுத் துளை கதவின் அடியில் இருக்க வேண்டும்.

பழைய ஒயரிங்கில் இண்டக்‌ஷன் அடுப்பு

2000 வாட் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்ப் இழுக்கும். 6 ஆம்ப் பிளக்கில் செருகாதீர்கள்.