பொய் சொல்வது கதைசொல்லியா, நீங்களா?

ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் ஒரு கொலைக்கதை, அதையும் நம்ப முடியாத ஒருத்தன் வாயாலேயே சொல்ல வைக்கலாம் என்று யோசிக்கிறீர்களா? சரி, முதலில் காலண்டரை எடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. உங்கள் ஆள் ஒரு படகு ஓனர், "மே 10 ராத்திரி என் விசைப்படகில் மீன்பிடிக்கப் போயிருந்தேன், கொலையைப் பற்றி எனக்கென்ன தெரியும்" என்கிறான் என்றால் உள்ளூர் வாசகர் அந்த வரியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். நீங்கள் தெரிந்தே வைத்த பொய் என்றால் பிரமாதம். தெரியாமல் எழுதிவிட்டீர்கள் என்றால் போச்சு, அதற்கப்புறம் அவன் சொல்கிற நல்ல பொய்களையும் அவர் உங்கள் அறியாமைக் கணக்கில்தான் சேர்ப்பார்.

கோயம்புத்தூர்காரருக்குத் தடைக்காலம் தெரியாதே என்றால், இரண்டு அத்தியாயம் முன்னாலேயே கரையில் ஏற்றி வைத்த படகுக்கு யாராவது பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கட்டும். விளக்கம் எதுவும் வேண்டாம். காற்றும் இப்படித்தான். மார்கழி வாடைக்காற்றில் வடகடல், அதாவது தீவுக்கு வடக்குப் பக்கக் கடல், அலையே இல்லாமல் தாம்பாளம் மாதிரி கிடந்தது என்று ஒருத்தன் சொன்னால் ஒன்று அவன் புளுகுகிறான், இல்லை நீங்கள் அந்த மாதத்தில் பாம்பன் வந்ததே இல்லை.

எல்லாவற்றிலும் புளுகுகிறவனும் வேண்டாம், பத்துப் பக்கத்தில் அலுத்துவிடுவான். இறால் விலை, ஐஸ் செலவு, கூலி பாக்கி எல்லாவற்றையும் பைசா சுத்தமாகச் சொல்கிறவன், அந்த ஒரு ராத்திரி வரும்போது மட்டும் வேகமாகக் கடந்து போக வேண்டும்.

அடுத்த தவறு, பரிதாபம். முன்பணத்தைக் காட்டியே ஆட்களை அடிமை மாதிரி வைத்திருக்கிற மனுஷன் அவன், வாசகருக்குப் பிடிக்காமல் போய்விடுமோ என்று பயந்து, சின்ன வயதில் அப்பா அடித்தார் என்று ஒரு பிளாஷ்பேக் சொருகாதீர்கள். அவனைப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. அவனுக்கு ஏதாவது ஒன்று வெறியாக வேண்டும், ஒரு வேலை அசாத்தியமாகத் தெரிந்திருக்க வேண்டும். இறாலைத் தொட்டதுமே ஐஸ் எப்போது போட்டது என்று சொல்லிவிடுவான் என்று வையுங்கள், திட்டிக்கொண்டேயாவது படிப்பார்கள்.

போலீஸ் விஷயம் சுருக்கமாக. 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்த கொலை என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302-ஆம் பிரிவு வராது, அதற்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103. இன்ஸ்பெக்டரிடம் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டான், கேஸ் முடிந்தது என்றும் எழுதாதீர்கள், போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் கோர்ட்டில் நிற்காது. அவன் சொல்லி, அதை வைத்துக் கத்தியை எடுத்தார்கள் என்றால் அந்த அளவுக்கு நிற்கும்.

கடைசி அத்தியாயத்தில் அவனே உட்கார்ந்து மூன்று பக்கம் விளக்குவதும் வேண்டாம். அந்தப் பெயின்ட் வாசனையை ஒரு தடவை வீச விடுங்கள், வாசகர் தானாகவே மே 10-ஐத் தேடிப் பக்கத்தைத் திருப்புவார்.