பாட்டுப் புத்தகமும் பழைய காலண்டரும்: சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சினிமாக் கொட்டகை வாசலில் ஓரணாவுக்கும் இரண்டணாவுக்கும் விற்ற பாட்டுப் புத்தகம், ஜவுளிக்கடை கொடுத்த காலண்டர், சிவகாசித் தீப்பெட்டி லேபிள், நாடக நோட்டீஸ், வாரப் பத்திரிகையின் பின்னட்டையில் வந்த சோப்பு விளம்பரம். 1940 முதல் 60கள் வரை தமிழ்நாட்டில் அச்சான இந்தக் காகிதங்களை யாரும் பாதுகாக்க நினைத்து அச்சிடவில்லை. வேலை முடிந்ததும் அடுப்புக்கோ பழைய பேப்பர் கடைக்கோ போக வேண்டியவை. தப்பிப் பிழைத்தவற்றை இன்று ஆசையோடு தேடிச் சேர்க்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் மிஞ்சியதும் சேர்ப்பவர் கையிலேயே பாழாவதை அடிக்கடி பார்க்க முடிகிறது. பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம் ஒன்றுதான்: தாளை வெறும் படமாகப் பார்ப்பது. அது ஒரு ஆவணமும்கூட.

முதலில், வெட்டுவது. கோவில்பட்டியில் தங்கி கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள் காலண்டர்களாக ஊர் ஊராகப் போயின. வருஷம் முடிந்ததும் படத்தை மட்டும் வெட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பூஜையறையில் மாட்டினார்கள். அது பக்தி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சேகரிப்பவரும் அதையே செய்வதுதான் வருத்தம். ஒரே லட்சுமி படம் பல ஊர்க் கடைகளுக்குப் போகும். கீழே உள்ள கடைப் பெயர் மட்டும் மாறும். அந்தப் பட்டையில்தான் ஊர், தொழில், வருஷம் எல்லாம் இருக்கின்றன. அது போனால் மிஞ்சுவது எங்கும் கிடைக்கிற லட்சுமி படம்.

பத்திரிகை விளம்பரங்களுக்கும் இதே கதி. பைண்டு செய்த தொகுப்பைப் பிரித்து, விளம்பரப் பக்கங்களை ஒவ்வொன்றாகக் கிழித்து விற்கும் வியாபாரிகள் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்காதீர்கள். முழு இதழாகக் கேளுங்கள், கொஞ்சம் கூடுதல் விலை ஆனாலும் சரி. பாட்டுப் புத்தகத்தில் அட்டையை மட்டும் எடுத்து ஃபிரேம் போடுபவர்களும் உண்டு. உள்ளேதான் கதைச்சுருக்கம் இருக்கும், சரியான கட்டத்தில் நின்று, "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று. பிரதியே இல்லாமல் போய்விட்ட பழைய படங்கள் பல. அவற்றின் கதையும் பாட்டும் தெரிய இந்தப் புத்தகம்தான் வழி.

அடுத்தது லேமினேஷன். இதைப்போல மோசமான காரியம் வேறில்லை. அந்தக் காலத்து மலிவுக் காகிதம் மரக்கூழில் செய்தது. அதிலேயே அமிலத்தன்மை உண்டு. வெளிச்சமும் வெப்பமும் பட்டால் பழுப்பேறி அப்பளம்போல் நொறுங்கும். லேமினேஷன் செய்தால் பத்திரமாகிவிட்டது என்று தோன்றும். உண்மையில் சூட்டையும் பசையையும் சேர்த்து, அமிலத்தையும் உள்ளேயே வைத்து மூடிவிடுகிறோம். பிறகு பிரிக்கவே முடியாது. செலோ டேப்பும் அப்படித்தான். சில வருஷங்களில் டேப் உதிர்ந்துவிடும், பசை காகிதத்துக்குள் இறங்கிப் பழுப்புக் கறையாக நிற்கும். கிழிசல் கிழிசலாகவே இருக்கட்டும். பாலியெஸ்டர் உறையில் போட்டு வையுங்கள். நெடியடிக்கும் மெத்தென்ற பிவிசி கவர் மையை உரித்துவிடும். ஒட்டியே ஆக வேண்டுமென்றால் மெல்லிய ஜப்பானிய டிஷ்யூ காகிதமும் ஸ்டார்ச் பசையும் போதும். பின்னால் ஈரம் காட்டி எடுத்துவிடலாம். துருப்பிடித்த ஸ்டேப்பிள் பின்னை மெதுவாகக் கழற்றிவிடுங்கள். பாச்சை உருண்டையைத் தாள்மேலேயே போடாதீர்கள். சுவரில் மாட்ட ஆசையா? ஸ்கேன் எடுத்து நகலை மாட்டுங்கள், அசல் பெட்டிக்குள் இருக்கட்டும்.

சரி, எந்த வருஷத்தது என்று சொல்வதில் நடக்கும் தவறுகளுக்கு வருவோம். பாட்டுப் புத்தகத்தைக் கண்டதும் படம் வெளிவந்த வருஷத்தை எழுதிவிடுகிறார்கள். பழைய படங்கள் திரும்பத் திரும்பத் திரையிடப்பட்டன, புத்தகமும் மறுபடி அச்சானது. 'ஹரிதாஸ்' 1944இல் வந்த படம். அதன் பாட்டுப் புத்தகத்தில் விலை நயா பைசாவில் இருந்தால் அது முதல் வெளியீட்டின்போது அச்சானதாக இருக்க முடியாது. ரூபாயை நூறு பைசாவாகப் பிரித்த தசம நாணயம் வந்தது 1957 ஏப்ரல் 1இல்தான். 'நயா' (புதிய) என்ற ஒட்டு 1964 ஜூனில் கைவிடப்பட்டது. ஆகவே நயா பைசா என்று போட்டிருந்தால் பெரும்பாலும் இந்த ஏழு வருஷத்துக்குள் அடங்கும். பழைய நாணயங்களும் சில காலம் புழங்கியதால், அணாவைப் பார்த்ததும் 1957க்கு முந்தையது என்று அடித்துச் சொல்ல வேண்டாம். முகவரியும் உதவும். ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தையது. மாநிலப் பெயர் தமிழ்நாடு ஆனது 1969 ஜனவரி 14இல்.

எல்லாவற்றையும்விட நல்ல சாட்சி எழுத்துதான். பழைய அச்சில் ணை, லை, ளை, னை ஆகியவற்றில் ஐகாரம் தும்பிக்கைபோல் மேலே வளையும். ணா, றா, னா மூன்றும் தனித்துணையெழுத்து இல்லாமல் சுழியோடு சேர்ந்து வரும். 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்குப் பிறகே இன்றைய வடிவம் பொதுவழக்கானது. கைபேசியில் சுற்றும் '1950கள் விளம்பரம்' ஒன்றில் இன்றைய 'லை' இருந்தால் யாரோ இப்போது கணினியில் செய்தது என்று சந்தேகப்படுங்கள். அதற்காக இதையும் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கக் கூடாது. பெரியார் தம் பத்திரிகைகளில் 1935லேயே சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்துவிட்டார், அதனால் திராவிடர் கழக வெளியீடுகளுக்கு இந்தச் சோதனை செல்லாது. கையிருப்பில் பழைய அச்செழுத்து இருந்த சிறு அச்சகங்கள் 1978க்குப் பிறகும் அதையே ஓட்டின. தலைப்பைப் பாருங்கள்: அன்று பெரிய எழுத்துகளை ஓவியர்கள் கையால் வரைந்தார்கள். இரண்டு 'க' வந்தால் இரண்டும் ஒன்றுபோல் இருக்காது.

ஸ்கேன் செய்யும்போது பழுப்பை வெளுப்பாக்கி, நிறத்தைத் தூக்கிக் காட்டுவது இன்னொரு வழக்கம். பகிர்வதற்கு அப்படிச் செய்துகொள்ளலாம். திருத்தாத படம் ஒன்று தனியே இருக்க வேண்டும், தாளின் நான்கு ஓரமும் பின்பக்கமும் தெரிய.

விளம்பரத்தைக் காட்டி "அந்தக் காலத்தில் எல்லாரும் இப்படித்தான் வாழ்ந்தார்கள்" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சுமார் 18 சதவீதம். வாரப் பத்திரிகையில் வந்த ரேடியோவும் முகப்பூச்சும் அந்தச் சிறு வட்டத்தைப் பார்த்துப் பேசியவை. முகத்தை வெளுப்பாக்குவதாக ஆசை காட்டிய ஸ்னோ என்ற முகப்பூச்சின் விளம்பரம் அழகான கோட்டோவியமாக இருக்கலாம். அது என்ன சொல்லி விற்றது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பழசு என்றால் உரிமை யாருக்கும் இல்லை என்று நினைத்து டீஷர்ட்டிலும் கோப்பையிலும் அச்சடிப்பதும் தவறு. இந்தியச் சட்டப்படி ஓவியத்துக்குப் பதிப்புரிமை ஓவியர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும். கொண்டையராஜு மறைந்தது 1976இல். அவர் ஓவியங்களுக்கு 2036 முடியும்வரை பாதுகாப்பு உண்டு.

அப்புறம், எங்கே கிடைத்தது என்பதை எழுதி வைக்காமல் விடுவது. எந்த ஊர், யார் வீட்டுப் பரண், கூடவே என்ன இருந்தது என்று ஒரு தனிச்சீட்டில் பென்சிலால் குறித்து உறைக்குள் வையுங்கள். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா புத்தகங்களோடு கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று எல்லாவற்றையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் உதவியோடு அந்தச் சேகரிப்பு சென்னைக்கு வந்து, 1994இல் ஆராய்ச்சி நூலகமானது. உங்களிடம் இருப்பதைக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் அப்படிப்பட்ட நூலகத்தில் முதலில் கேளுங்கள். அதுவரை துடைக்க வேண்டாம், ஒட்ட வேண்டாம், ரகம் பிரிக்கவும் வேண்டாம். கிடைத்த கட்டு கிடைத்தபடியே போகட்டும்.