சளியும் இருமலுமாக ஓர் அரை மாரத்தான்

ஜனவரியில் சென்னை மாரத்தானில் 21.1 கி.மீ. ஓடப் பேர் கொடுத்திருந்தேன். நவம்பர் மழை தொடங்கியதும் சின்னவள் பிளே ஸ்கூலிலிருந்து சளியைக் கொண்டுவந்தாள். அவளிடமிருந்து பெரியவனுக்கு, அவனிடமிருந்து எனக்கு. விட்ட நாளைப் பிடிக்கணுமே என்று இருமலோடு 12 கி.மீ. ஓடினேன். அன்று ராத்திரியே 101 டிகிரி. மூன்று நாளில் போகவேண்டியது பத்து நாள் படுத்தியது.

அதன்பிறகு ஒரே கணக்குதான். மூக்கொழுகலும் தும்மலும் மட்டும் என்றால் மெதுவாக அரை மணி நேரம். காய்ச்சல், நெஞ்சுச்சளி, உடம்புவலி என்றால் ஷூவைத் தொடுவதே இல்லை. காலையில் கண் விழித்ததும் படுத்தபடியே நாடி பார்ப்பேன். வழக்கமாக நிமிடத்துக்கு 58 இருக்கும். 66-ஐத் தாண்டினால் அன்றைக்கு லீவு. (ராத்திரி பிள்ளைகள் மூன்று தடவை எழுப்பினாலும் ஏறத்தான் செய்யும். சரி, அதற்கும் லீவுதான்.)

வாரம் ஐந்து நாள் ஓட்டத்தை மூன்றாக்கினேன். ஞாயிறு விடியலில் எலியட்ஸ் கடற்கரையில் நீள ஓட்டம். அதுவரை பிள்ளைகள் வீட்டுக்காரர் பொறுப்பு. இன்னொன்று, சின்னவளைப் பள்ளியில் விட்ட கையோடு. ஒருநாள் கொடுக்க மறந்த அவளுடைய தண்ணீர் பாட்டில் முதுகில் குலுங்கக் குலுங்க ஓடினேன்.

2 மணி 40 நிமிடத்தில் முடித்தேன், நினைத்ததைவிட 15 நிமிடம் தாமதம். சின்னவள் மெடலைப் பிடுங்கிக் கடித்துப் பார்த்தாள். மூக்கு மறுபடி ஒழுகிக்கொண்டிருந்தது.