மருந்துப் பிழை குறைய வேண்டுமா? வார்டு அலமாரியில் தொடங்குங்கள்

தவறான மருந்தோ தவறான அளவோ போய்விட்டால், சிறிய மருத்துவமனைகளில் வழக்கமாக நடப்பவை மூன்று. சம்பந்தப்பட்ட சிஸ்டருக்கு மெமோ, எல்லாருக்கும் ஒரு சுற்றறிக்கை, சனிக்கிழமை ஒரு வகுப்பு. சில மாதம் கழித்து அதே தவறை வேறொரு சிஸ்டர் செய்வார். ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஆம்பூல்களை (ஊசி மருந்து வரும் சின்னக் குப்பிகளை) ஒரே ட்ரேயில் வைத்துவிட்டு, இரவு இரண்டு மணிக்கு ஒருவர் சரியானதையே எடுக்க வேண்டும் என்று எதிர்பார்த்தால் அப்படித்தான் ஆகும். முப்பது, ஐம்பது படுக்கை உள்ள ஒரு நர்சிங் ஹோமில், பெரிய செலவில்லாமல் எதை எந்த வரிசையில் மாற்றுவது என்பதைப் பார்ப்போம்.

முதல் நாள்: எல்லாவற்றையும் மேசையில் பரப்புங்கள்

வார்டு அடங்கியிருக்கும் மதிய நேரத்தில் ஃபார்மசிஸ்டும் வார்டு இன்சார்ஜும் சேர்ந்து உட்காருங்கள். அலமாரி, ஊசி ட்ரே, பிரிட்ஜ், எமர்ஜென்சி ட்ராலி என எங்கிருந்தாலும் ஊசி மருந்து எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் துணியில் பரப்புங்கள். ஒரே அளவு, ஒரே நிற எழுத்து உள்ளவற்றைப் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். பிறகு ட்யூப் லைட்டை அணைத்து, இரவு விளக்கில், ஒரு கை தூரத்தில் வைத்துப் பெயர்களைப் படித்துப் பாருங்கள். எவையெல்லாம் ஒன்றாகத் தெரிகின்றனவோ அதுதான் உங்கள் ஆபத்துப் பட்டியல். வெளியிலிருந்து பட்டியல் வாங்கி ஒட்டுவதைவிட இது உபயோகமானது, ஏனென்றால் உங்கள் ஃபார்மசி வாங்கும் கம்பெனி மாறினால் ஆம்பூலின் தோற்றமும் மாறிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டியதும் அதனால்தான்.

பெரும்பாலான வார்டுகளில் இரண்டு ஜோடி நிச்சயம் மாட்டும். ஒன்று, 10 மி.லி. பொட்டாசியம் குளோரைடும் அதே அளவு ஸ்டெரைல் வாட்டரும். மற்றொன்று, 1 மி.லி. அட்ரினலினும் அட்ரோபினும். இவை போக, கணக்கில் இல்லாத ஒரு குவியலும் கிடைக்கும்: டிஸ்சார்ஜ் ஆன நோயாளிகளின் மீதி மருந்து. சொந்தக்காரர்கள் சீட்டு எடுத்துப்போய் வாங்கி வந்த ஐந்து ஆம்பூலில் மூன்று செலவாகும். மீதி இரண்டு 'அவசரத்துக்கு உதவும்' என்று ட்ரேயின் ஓரத்தில் தங்கிவிடும். நல்ல எண்ணம்தான். ஆனால் எந்த ரெஜிஸ்டரிலும் இல்லாத மருந்து எதற்கும் யாரும் பொறுப்பில்லை. மாலை ஆறு மணிக்கு மீதி மருந்து ஃபார்மசிக்குத் திரும்ப வேண்டும், பில்லில் கழிக்கப்பட வேண்டும் என்ற ஒரு விதி போதும், இந்தக் குவியல் மறைந்துவிடும்.

பொட்டாசியம்: வார்டை விட்டு வெளியே

15 சதவீத பொட்டாசியம் குளோரைடு ஒரு 10 மி.லி. ஆம்பூலில் 1.5 கிராம், அதாவது 20 மில்லி ஈக்விவலன்ட் (உப்புகளை அளக்கும் அலகு) இருக்கிறது. கலக்காமல் நேராக நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். ஆன்டிபயாடிக் பொடியைக் கரைக்க ஸ்டெரைல் வாட்டர் என்று நினைத்து இதை எடுப்பது உலகம் முழுக்கப் பதிவான பிழை. இதற்கு 'கவனமாக இருங்கள்' என்ற போஸ்டர் மருந்தாகாது. பொது வார்டில் அந்த ஆம்பூல் இருக்கவே கூடாது.

ஃபார்மசியிலும் ஐ.சி.யு.விலும் மட்டும், பூட்டிய சிவப்புப் பெட்டியில் வையுங்கள். மூடியில் தமிழிலேயே பெரிதாக எழுதுங்கள்: 'கலக்காமல் போட்டால் உயிர் போகும்'. இரவில் ஃபார்மசி மூடிவிடும் இடங்களில் பெட்டியில் ஐந்து ஆம்பூல் மட்டும் இருக்கட்டும். சாவி ஷிப்ட் இன்சார்ஜிடம். எடுக்கும்போது நோயாளி பெயர், ஐ.பி. (உள்நோயாளி) எண், நேரம், இரண்டு கையெழுத்து. ஷிப்ட் மாறும்போது எண்ணி ஒப்படைக்க வேண்டும். எண்ணிக்கை இடித்தால் ஹேண்ட்ஓவர் முடியவில்லை என்று பொருள்.

கலக்கும் முறையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் டிரிப் பாட்டிலில் பொட்டாசியத்தைச் சேர்க்கவே கூடாது. அது கனமான கரைசல். அடியில், வெளியேறும் வாயருகே தங்கி, முதல் சில நிமிடத்தில் அடர்த்தியாக உள்ளே போய்விடும். பாட்டிலை இறக்கி, சேர்த்து, குறைந்தது பத்து முறை தலைகீழாகப் புரட்டி, லேபிள் ஒட்டி, பிறகு மாட்டுங்கள். லேபிளில் சேர்த்த மருந்து, அளவு, நேரம், சேர்த்தவர், சரிபார்த்தவர் எல்லாம் இருக்க வேண்டும். தொடங்கும் முன் சிறுநீர் சரியாகப் போகிறதா, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் எவ்வளவு என்று பார்ப்பதும் இதில் சேர்த்தி.

அளவைப் பொறுத்தவரை, கை நரம்பில் போகும் டிரிப்பில் லிட்டருக்கு 40 மில்லி ஈக்விவலன்ட், சாதாரண வார்டில் மணிக்கு 10 என்பதை மேல் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். 500 மி.லி. பாட்டிலில் ஒரு ஆம்பூல் சேர்த்து 4 மணி நேரத்தில் ஏற்றினால் மணிக்கு 5 தான் போகும். மி.லி.க்கு 20 சொட்டு விழும் டிரிப் செட்டில் அது நிமிடத்துக்கு 42 சொட்டு, 15 சொட்டு செட்டில் 31. எந்த செட் என்பது கவரிலேயே அச்சிட்டிருக்கும். அதைப் பார்க்காமல் சொட்டு எண்ணுவதில் அர்த்தமில்லை.

இன்சுலின்: இரண்டு பலம், இரண்டு மூடி

நம் நாட்டில் குப்பியில் வரும் சாதாரண இன்சுலின் பெரும்பாலும் மி.லி.க்கு 40 யூனிட். பேனாவுக்கான கார்ட்ரிட்ஜ் மி.லி.க்கு 100 யூனிட். கிளார்ஜின் போன்ற சில வகைகள் குப்பியிலேயே 100 யூனிட்டாக வரும். அதற்கேற்ப சிரிஞ்சும் இரண்டு: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. மாறிப்போனால் என்ன ஆகும்? 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை எடுத்தால் உள்ளே வருவது அரை மி.லி., அதாவது 50 யூனிட். இரண்டரை மடங்கு. எதிர்ப்பக்கம் மாறினால் 20-க்குப் பதில் 8 யூனிட்தான் போகும். சர்க்கரை இறங்கவில்லையே என்று டாக்டர் டோஸைக் கூட்டிக்கொண்டே போவார், அடுத்த ஷிப்டில் சரியான சிரிஞ்ச் கைக்கு வந்ததும் நோயாளி மயங்கிவிடுவார். இந்த இரண்டாவது வகையைப் பலரும் பிழையாகவே கவனிப்பதில்லை.

வார்டில் ஒரே பலத்தை மட்டும் வைத்துக்கொள்ள முடிந்தால் அதுவே சிறந்த தீர்வு. முடியாவிட்டால் பிரிட்ஜில் இரண்டு தனித்தனி டப்பா, ஒவ்வொன்றிலும் மருந்தோடு அதற்குரிய சிரிஞ்சும் சேர்ந்தே இருக்கட்டும். கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சுவதைத் தடை செய்யுங்கள். 'இன்சுலின் சிரிஞ்ச் தீர்ந்துபோச்சு' என்று 2 மி.லி. சிரிஞ்சில் எடுப்பதையும்தான், 40 பலத்தில் 10 யூனிட் என்பது வெறும் கால் மி.லி., அதைப் பெரிய சிரிஞ்சில் சரியாகப் பிடிக்க முடியாது. மருந்தைச் சீராகச் செலுத்தும் பம்பில் போடும்போது 50 மி.லி. சலைனில் 50 யூனிட் என்றால் 40 பலத்தில் 1.25 மி.லி., 100 பலத்தில் 0.5 மி.லி. இந்த இரண்டு எண்ணையும் பம்ப் ஸ்டாண்டிலேயே ஒட்டிவையுங்கள்.

உணவு நேரம் வேறொரு தலைவலி. ஏழரைக்கு ஊசி போட்டாகிவிடும்; வீட்டிலிருந்து வரும் இட்லி ஒன்பது மணிக்குத்தான் வந்து சேரும். எட்டரைக்கு வியர்வை, நடுக்கம். டிபன் வார்டுக்குள் வந்துவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே உணவுக்கு முந்தைய ஊசி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண இன்சுலினுக்கு அரை மணி நேர இடைவெளி வேண்டும்தான், அதைக் கூட வந்தவரிடம் சொல்லி வைத்தால் போதும்.

திறந்த குப்பியில் திறந்த தேதியை எழுதுங்கள். பெரும்பாலான வகைகளை 28 நாளில் தூக்கிப் போட வேண்டும். பிரிட்ஜ் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃபிரீசரை ஒட்டி வைத்து உறைந்துபோனது, உருகிய பின் பார்க்க நன்றாக இருந்தாலும் வேண்டாம்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரினைப் பற்றி ஒரு வரி: 5 மி.லி. குப்பியிலேயே மி.லி.க்கு 1,000 யூனிட்டும் உண்டு, 5,000 யூனிட்டும் உண்டு. ஒன்றை மட்டும் வாங்குங்கள்.

கேஸ் ஷீட்டில் எழுதுவது

இது டாக்டர்களுக்கு. மருந்தின் பொதுப்பெயரை, தெளிவாக, முடிந்தவரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் (கேபிடல்) எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-லேயே விதியைத் திருத்திவிட்டது. அதைவிட அதிக உயிரைக் காப்பது சின்னச் சின்ன எழுத்துப் பழக்கங்கள். யூனிட் என்பதற்கு ஆங்கில எழுத்து 'யூ' மட்டும் போட்டால் அவசரக் கையெழுத்தில் அது பூஜ்யமாகும், 10 யூனிட் 100 ஆகிவிடும்; முழுச்சொல்லாக எழுதுங்கள். 1.0 என்று எழுதாதீர்கள், புள்ளி மங்கினால் 10. அரை மி.கி. என்றால் புள்ளிக்கு முன் பூஜ்யம் போட்டு 0.5 என்று எழுதுங்கள், இல்லையேல் அது 5 ஆகும். மைக்ரோகிராமைச் சுருக்காதீர்கள்.

மெத்தோட்ரெக்சேட் மூட்டு வாதத்துக்கு வாரம் ஒருமுறை மட்டுமே. டிஸ்சார்ஜ் சீட்டில் மற்ற மாத்திரைகளைப் போல 1-0-0 (காலை மட்டும் ஒன்று) என்று எழுதினால் நோயாளி தினமும் விழுங்குவார், எலும்பு மஜ்ஜை நசிந்துபோகும். 'வெள்ளிக்கிழமை மட்டும்' என்று தமிழில் எழுதி, கிழமையைச் சுற்றி வட்டம் போட்டு, 'எந்தக் கிழமை சாப்பிடுவீங்க?' என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்து அனுப்புங்கள்.

போனில் வரும் ஆர்டருக்குத் திருப்பிச் சொல்லும் வழக்கம் வேண்டும். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் போனில் ஒன்றுபோல் கேட்கும். 'பதினைந்து, ஒன்று ஐந்து' என்று இலக்கமாகப் பிரித்துச் சொல்லி, எழுதியதைத் திரும்பப் படித்து, 'சரி' வாங்கிய பிறகே மருந்தைத் தொட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் டாக்டரின் கையெழுத்து.

ஆள் சரியா?

'நீங்கதானே லட்சுமி?' என்று கேட்டால் காது மந்தமான பாட்டியும் 'ஆமாம்மா' என்றுதான் சொல்வார். 'உங்க பேரு என்னம்மா?' என்று கேளுங்கள். பிறகு கைப்பட்டையில் உள்ள ஐ.பி. எண்ணை கேஸ் ஷீட்டோடு ஒப்பிடுங்கள். படுக்கை எண்ணை அடையாளமாக வைக்காதீர்கள். ஜன்னலோரம் காற்று வரும் என்று மாறிப் படுப்பது நம் வார்டுகளில் தினமும் நடக்கிறது. ஆர். லட்சுமியும் எஸ். லட்சுமியும் ஒரே வார்டில் இருந்தால் இனிஷியலை நம்பாமல் இருவர் கேஸ் ஷீட்டிலும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி, ஹேண்ட்ஓவரில் சத்தமாகச் சொல்லுங்கள்.

இருவர் சரிபார்ப்பு எல்லா மருந்துக்கும் என்று போட்டால் கையெழுத்துச் சடங்காகிவிடும். பொட்டாசியம், இன்சுலின், ஹெபாரின், கீமோதெரபி, குழந்தைகளுக்கான ஊசி, இவற்றுக்கு மட்டும் போதும். இரண்டாமவர் விடையைக் கேட்காமல் தானே ஆர்டரைப் படித்து, தானே கணக்குப் போட வேண்டும். 'அக்கா, ரெண்டு மி.லி. எடுத்திருக்கேன், சரிதானே?' என்று கேட்டால் பதில் எப்போதும் 'சரி'தான்.

தவறு நடந்த பிறகு

முதலில் நோயாளி: ஊசியை நிறுத்தி, டூட்டி டாக்டரை அழைத்து, மருந்துக்கேற்ற கண்காணிப்பு. ஆம்பூல், சிரிஞ்ச், பாட்டில் எதையும் குப்பையில் போடாமல் ஒரு கவரில் எடுத்து வையுங்கள். பிறகுதான் படிவம். அது ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது, செய்தவர் பெயர் கேட்கும் கட்டமும் வேண்டாம். என்ன நடந்தது, எந்த நேரம், எந்தக் கட்டத்தில் (எழுதும்போதா, எடுத்துக் கொடுக்கும்போதா, கலக்கும்போதா, போடும்போதா), நோயாளி வரை போனதா, எது இருந்திருந்தால் நின்றிருக்கும்: இந்த ஐந்து கேள்வி போதும். போடும் முன் பிடிபட்டவையும் இதில் வர வேண்டும். அவைதான் இலவசப் பாடம்.

வாரம் ஒருமுறை இருபது நிமிடம் உட்கார்ந்து அவற்றைப் படியுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்றம், ஒரு பொறுப்பாளர், ஒரு தேதி. 'அறிவுறுத்தப்பட்டது' என்று மட்டும் எழுதினால் அது மாற்றம் ஆகாது. ஆம்பூலை இடம் மாற்றியது, ஒரு பலத்தை வாங்காமல் நிறுத்தியது, இவை மாற்றம். தொடங்கிய சில மாதம் படிவங்கள் கூடும். நிர்வாகம் அதைப் பார்த்துப் பதறி யாரையாவது தண்டித்தால் மறுமாதம் பெட்டி காலியாகிவிடும், பிழை மட்டும் அப்படியே இருக்கும். தெரிந்தே விதியை மீறுவது, போதையில் வேலைக்கு வருவது, மறைப்பது ஆகியவை வேறு கணக்கு. அவற்றுக்கு நடவடிக்கை உண்டு என்பதை முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுங்கள். மருந்தின் பக்கவிளைவு என்று சந்தேகம் வந்தால் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் இலவச எண் 1800-180-3024-ல் தெரிவிக்கலாம்.

குடும்பத்தாரிடம் அன்றே, மூத்த டாக்டர் ஒருவர், தனி அறையில் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். என்ன போனது, இப்போது என்ன செய்கிறோம், அடுத்து எப்போது வந்து பேசுவோம் என்று. காரணம் தெரியாதபோது ஊகம் வேண்டாம், யாரையும் கைகாட்டவும் வேண்டாம். அந்தப் பிழையால் கூடிய நாட்களுக்கான பில்லைப் பற்றி அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே முடிவைச் சொல்லுங்கள்.

கேஸ் ஷீட்டில் கை வைக்கும் ஆசை அப்போதுதான் வரும். ஒயிட்னர் கூடாது, தாளைக் கிழித்துப் புதிதாக எழுதுவதும் கூடாது. தவறாக எழுதியதை ஒரே கோட்டால் அடித்து, அடியில் இருப்பது படிக்கும்படி விட்டு, தேதி, நேரம், கையெழுத்து போடுங்கள். விட்டுப்போனதைச் சேர்த்தால் 'பின்னர் எழுதியது' என்று குறித்து, எழுதும் நேரத்தையே போடுங்கள். உள்நோயாளியின் பதிவேடுகளை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால், கேட்டதை ஒப்புக்கொண்டு 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. அந்தக் கோரிக்கையை வாங்குவது யார், நகல் எடுப்பது யார் என்று இரண்டு பெயரை இப்போதே ரிசப்ஷனில் எழுதி ஒட்டிவிடுங்கள்.