கைத்தொலைபேசித் தாங்கியை வரைவது எப்படி? உயர்நிலை ஒன்று மாணவர்களுக்கு

உயர்நிலை ஒன்றில் சேர்ந்ததுமே பாட அட்டவணையில் ‘டி அண்ட் டி’ வந்துவிடும், வடிவமைப்பும் தொழில்நுட்பமும். பட்டறையில் ரம்பம் பிடிக்கலாம் என்று ஆசையாகப் போனால், முதலில் கையில் கொடுப்பது பென்சில்தான். “எனக்கு வரையவே வராது” என்று பயப்படாதீர்கள். இது ஓவிய வகுப்பு இல்லை. தாளைப் பார்ப்பவர் உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் அந்தப் பொருளைச் செய்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

நாம் வரையப்போவது மரக்கட்டையில் செய்யும் ஒரு தாங்கி. நீளம் 80, அகலம் 60, உயரம் 40, எல்லாம் மில்லிமீட்டர். மேல்பக்கத்தில் நட்டநடுவே, நீளவாக்கில் முழுக்க ஓடும் ஒரு பள்ளம்: அகலம் 12, ஆழம் 20. கைத்தொலைபேசி அதில் நிற்கும்.

தேவையானவை: 2எச், எச்பி பென்சில்கள், 30–60 பாகை மூலைமட்டம், அழிப்பான், ஏ3 தாள். பக்கத்துப் ‘பாப்புலர்’ புத்தகக் கடையே போதும். புத்தகக் கடைகள் நிறைந்த பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் வரை போனால் வேண்டாததையும் வாங்கிக்கொண்டு வருவீர்கள்.

படி 1: முதலில் பெட்டி

பள்ளத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். 2எச் பென்சிலால், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் அளவுக்கு மெல்லியதாக, 40 மி.மீ. செங்குத்துக் கோடு ஒன்று போடுங்கள். அதன் அடியிலிருந்து இடப்பக்கம் 30 பாகையில் மேல்நோக்கி 80. வலப்பக்கம் அதே 30 பாகையில் 60. உச்சியிலிருந்தும் அப்படியே. மீதிக் கோடுகளை இவற்றுக்கு இணையாக இழுத்தால் பெட்டி மூடிக்கொள்ளும். கோணத்தைக் கண்மதிப்பில் போட வேண்டாம், மூலைமட்டத்தை வையுங்கள்.

இதற்குப் பெயர் ஐசோமெட்ரிக் படம். 1822ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வில்லியம் ஃபாரிஷ் இந்த முறையை விளக்கி எழுதினார். வகுப்பில் காட்டும் இயந்திர மாதிரிகளை உதவியாளர்கள் பாகம் பாகமாகப் பொருத்தி வைக்க, பார்த்ததும் புரிகிற படம் அவருக்குத் தேவைப்பட்டது. நமக்கும் அதே தேவைதான்.

படி 2: பள்ளம்

இங்கேதான் பலரும் தடுமாறுவார்கள், நிதானமாகப் போவோம். வலப்பக்க முகத்தின் மேல்விளிம்பில், முன்மூலையிலிருந்து 24 மி.மீ. தள்ளி ஒரு புள்ளி; அதிலிருந்து 12 தள்ளி இன்னொன்று. இரண்டிலிருந்தும் செங்குத்தாக 20 இறக்கி, அடியைச் சேருங்கள். பிறகு மேலே உள்ள இரண்டு புள்ளிகளிலிருந்தும் இடப்பக்கமாக, 80 மி.மீ. விளிம்புக்கு இணையாக, பின்விளிம்பு வரை கோடு இழுங்கள்.

பள்ளத்தின் அடியில், தூரத்து மூலையிலிருந்தும் அதே திசையில் ஒரு கோடு கிளம்பும். அது 12 மி.மீ. போனதும் கிட்டத்துச் செங்குத்துக் கோட்டில் முட்டும். அங்கே நிறுத்துங்கள். அதற்கு மேல் கிட்டத்துச் சுவர் மறைத்துவிடும். இந்தக் குட்டிக் கோட்டை விட்டுவிட்டால் பள்ளம் தட்டையான பட்டை மாதிரி தெரியும். கடைசியாக, பள்ளத்தின் வாய்க்கு மேலே முன்னும் பின்னும் மிஞ்சியிருக்கும் 12 மி.மீ. விளிம்புத் துண்டுகளை அழித்துவிடுங்கள். பின்பக்கத்தில், தூரத்துக் கோட்டின் முனையிலிருந்து செங்குத்தாக 12 இறக்கினால் கிட்டத்துக் கோட்டில் முட்டும்.

படி 3: தடித்த கோடு, மெல்லிய கோடு

இப்போது எச்பி பென்சில். ஒவ்வொரு விளிம்பிலும் இரண்டு முகங்கள் சந்திக்கின்றன. இரண்டுமே கண்ணுக்குத் தெரிந்தால் மெல்லிய கோடு. ஒன்றுதான் தெரிகிறது என்றால் தடித்த கோடு. பெட்டியின் வெளிச்சுற்று முழுக்கத் தடிக்கும். பள்ளத்தின் கிட்டத்துச் செங்குத்துக் கோடும் தடிக்கும், தூரத்தில் உள்ளது மெல்லியதாகவே இருக்கும். என்னைக் கேட்டால், வண்ணம் தீட்டுவதைவிட இது ஒன்றே படத்தைத் தூக்கி நிறுத்தும்.

நிழல் வேண்டுமா? மேல்பக்கம் வெளிர், ஒரு பக்கம் நடுத்தரம், மற்றது அடர். போதும்.

படி 4: மூன்று பார்வைகள்

அப்புறம் ஆர்த்தோகிராபிக், அதாவது பொருளை முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் மேலிருந்தும் நேராகப் பார்த்துத் தனித்தனியாக வரைவது. முன்பார்வை 80க்கு 40 செவ்வகம். உள்ளே மறைந்திருக்கும் பள்ளத்தின் அடியை, மேலிருந்து 20 இறங்கி, விட்டுவிட்ட கோடாகக் காட்டுங்கள். பக்கப்பார்வை 60க்கு 40, பள்ளம் வெட்டிய வடிவில். மேல்பார்வை 80க்கு 60, நடுவில் 12 இடைவெளியில் இரண்டு கோடுகள். மூன்றாம் கோண முறையில் மேல்பார்வை முன்பார்வைக்கு மேலே வரும், முதல் கோண முறையில் கீழே. எது வேண்டும் என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: அளவுகள்

அளவுக்கோடு மெல்லியதாக, இரு முனையிலும் அம்புக்குறியோடு இருக்கட்டும். எண்ணைக் கோட்டுக்கு மேலே எழுதுங்கள். ஒவ்வொரு எண்ணோடும் மி.மீ. சேர்க்க வேண்டாம், எல்லாம் மில்லிமீட்டர் என்று தாளில் ஒரு முறை சொன்னால் போதும்.

சரி, முடித்ததும் தாளைத் தம்பியிடமோ தங்கையிடமோ கொடுத்து, அட்டையில் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. “பள்ளம் ஓரத்திலிருந்து எவ்வளவு தூரம்?” என்று கேட்டால், பக்கப்பார்வையில் 24 விட்டுப்போயிருக்கிறது. எழுதிவிட்டு மறுபடியும் நீட்டுங்கள்.