மலைக்கு வந்ததும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்

பெங்களூரிலும் சென்னையிலும் கணினி நிறுவனங்களில் வேலை பார்த்து, மனம் சோர்ந்து, நீண்ட விடுப்பெடுத்தோ வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கியோ குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வந்து தங்குகிறவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். நானும் அப்படி ஊர் திரும்பியவன்தான். உடல்நலம் தேறிய பின் மனநல ஆலோசகராகப் பயிற்சி பெற்று இங்கேயே பணியாற்றுகிறேன். அன்று நான் செய்த தவறுகளையே புதிதாக வருகிறவர்கள் ஒவ்வொருவராகச் செய்யும்போது சொல்லாமல் இருக்க முடியவில்லை. கைப்பேசியைக் குறைப்பது, தினமும் நடப்பது போன்றவை எல்லோரும் அறிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

தேநீரைக் கணக்கில் வைக்காதது

குளிருக்கு இதமாக இருக்கிறதென்று மணிக்கொரு முறை தேநீர் குடிப்பது இங்கே எளிதில் பழகிவிடுகிறது. உடலுக்குள் போன காஃபீனில் பாதி நீங்கவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்குக் கடைசிக் கோப்பையைக் குடித்துவிட்டு, இரவு 11 மணிக்கு உறக்கம் வரவில்லை என்று கவலைப்படுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

குளிருக்கென்று மது

வேண்டாம்.

தேறியதும் மாத்திரையை நிறுத்துவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இது. மனச்சோர்வுக்கான மாத்திரையைத் தொடங்கிய இரண்டு மாதங்களில் உறக்கம் சீரடைந்தது, பசி திரும்பியது, தேயிலைத் தோட்டத்துப் பாதையில் பனி விலகுவதைச் சற்று நேரம் நின்று பார்க்கவும் மனம் வந்தது. இனி மலைக்காற்றே போதும் என்று முடிவு செய்து, ஆறு மாத்திரைகள் மிஞ்சியிருந்த அட்டையை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினேன். மருத்துவரிடம் சொல்லவில்லை. நான்காம் நாள் மேட்டுப்பாளையத்துக்குப் பேருந்தில் போகையில், பர்லியாற்றுக்கு அருகே, தலையைத் திருப்பும்போதெல்லாம் மண்டைக்குள் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்றது. கொண்டை ஊசி வளைவுகளால் வந்த கிறுகிறுப்பு என்று நினைத்து, எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி உட்கார்ந்திருந்தேன். இம்மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் சிலருக்குத் தலைசுற்றலும் இத்தகைய மின்னதிர்வும் கெட்ட கனவுகளும் சிடுசிடுப்பும் வரும் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

அவை இரண்டு வாரங்களில் அடங்கிவிட்டன. ஆனால் மூன்றாம் மாதம் நோயே திரும்பியது. பல் துலக்கக்கூட எழ முடியாமல் போர்வைக்குள் கிடந்தேன். நிறுவனம் காத்திருக்கவில்லை, வேலை போயிற்று.

இம்மருந்துகள் முழுப் பலன் தருவதற்குப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அறிகுறிகள் மறைந்த பிறகும் குறைந்தது 6 மாதங்கள் தொடர வேண்டும். நோய் முன்பே பலமுறை வந்தவர்களுக்கு இக்காலம் இன்னும் நீளும். நிறுத்தும் வேளை வந்தாலும் மருத்துவர்தான் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். "இன்னும் எத்தனை நாளைக்கு மாத்திரை? பழகிப்போய்விடும்" என்று அக்கறையோடு சொல்லும் உறவினர்கள்மீதும் எனக்கு வருத்தம் உண்டு. தூக்க மாத்திரைகளில் சில அப்படிப் பழகிவிடக்கூடியவை என்பதும், அதனால் அவற்றைக் குறுகிய காலத்துக்கே எழுதிக் கொடுக்கிறார்கள் என்பதும் உண்மை. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல.

அண்மையில் கோத்தகிரியிலிருந்து வந்த ஓர் இளம்பெண், "நல்லாத்தானே இருக்கேன் அண்ணா, இனி அது எதுக்கு?" என்று கேட்டார். "நல்லா இருக்குறதுக்கு அந்த மாத்திரையும் ஒரு காரணம்மா" என்றேன். அவரைப் போகவிடாமல், அங்கிருந்தே அவருடைய மருத்துவரிடம் பேசச் செய்தேன்.

இரத்தப் பரிசோதனையை ஒதுக்குவது

தைராய்டு குறைந்தாலும் இதே சோர்வும் மந்தமும் வரும். ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மழை மாதங்களை எண்ணாமல் வருவது

ஏப்ரல், மே மாத வெயிலில் வந்து மனம் தெளிந்தவர்கள், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை அடர்ந்து, பல நாட்கள் சூரியனே தெரியாமல் போகும்போது தடுமாறுகிறார்கள். காலை 10 மணி வரை படுத்திருப்பது, திரைச்சீலையை விலக்காமல் கணினி முன் அமர்வது, கடைக்குக்கூடப் போகாமல் பொருட்களை வீட்டுக்கே வரவழைப்பது என்று நாட்கள் சுருங்கிவிடுகின்றன. விடிகாலை ஒளிதான் உடலின் கடிகாரத்தைச் சரிசெய்கிறது; மேகம் மூடிய நாளிலும் வீட்டு விளக்கைவிட வெளியே ஒளி அதிகம். ஆகவே எழும் நேரத்தை மாற்றாமல், குடை பிடித்தாவது அரை மணி நேரம் வெளியே நில்லுங்கள்.

நெருக்கடியில் விடியட்டும் என்று காத்திருப்பது

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைதூக்கினால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் இருப்பவரை எழுப்புங்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி ஆலோசனைச் சேவை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றிக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம். மழைக்காலத்தில் மின்சாரம் போய்க் கைப்பேசி அணைந்துவிடக்கூடும் என்பதால், இரவு படுக்கும் முன் அதற்கு முழுவதுமாகச் சார்ஜ் ஏற்றி வையுங்கள்.